ஒரு பக்கம் மட்டும் பாடியவன்

மெதெயின்
பிப்ரவரி 9, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

செனைதா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லாமல் வந்து சேர்ந்தேன். நீங்களும் பிள்ளை தோமாசும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

பஸ் கார்மென் ஊரைத் தாண்டியதும் அந்த வளைவு வரும் என்று தெரியும். கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். அந்த நேரம் பார்த்து பக்கத்து சீட்டு அம்மாள் தன் கோழியை என் மடியில் வைத்துவிட்டு ஜெபமாலையைத் தேட ஆரம்பித்தாள். கோழி என்னைப் பார்த்தது, நான் கோழியைப் பார்த்தேன். அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே அண்ணன் வந்த பஸ் விழுந்த இடத்தைக் கடந்துவிட்டேன். பாட்டைப் பதிவு செய்துவிட்டு உங்களிடம் திரும்பி வந்துகொண்டிருந்த மனுஷன். அவன் வந்த வழியில் நான் போகிறேன் என்பது இங்கே வந்து இறங்கிய பிறகுதான் உறைத்தது. பஸ் நிலையத்திலேயே பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். ஒரு போலீஸ்காரன் வந்து, "பர்ஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டான். "ஆமா" என்று சொல்லிவிட்டேன்.

தங்கியிருப்பது மான்ரிக்கே மேட்டில், டோன்யா பெரனீஸ் என்ற அம்மாளின் வீட்டில். காலையில் அரேபா என்று ஒரு சோள ரொட்டி தருகிறாள், அதில் ஒரு துளி உப்பு இல்லை. உப்பு கேட்டேன். "சோக்கோப் பக்கத்துலேர்ந்து வர்றவங்களுக்கு எல்லாமே சுள்ளுன்னு இருக்கணும்" என்று சிரித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பா கெட்ட சிரிப்பா என்று இன்னும் தெரியவில்லை.

மிராலிந்தா இசைத்தட்டு நிறுவனம் மூன்று மாடி. ஒலிப்பதிவுப் பிரிவில் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரே பெண் நான்தான். ஆறு மாதம் கழித்து வேலை தரலாம், தராமலும் போகலாம். பொறியாளர் ஹிரால்தோ அதிகம் பேசமாட்டார். இதுவரை நான் செய்தது காபி கொண்டுபோனதும் வயர் சுருட்டியதும்தான்.

நீங்கள் சொல்லி அனுப்பியது மறக்கவில்லை. அண்ணனின் பாட்டைப் பற்றி இன்னும் கேட்கவில்லை, அவ்வளவுதான். வந்த முதல் வாரமே 'இங்கே பாடிவிட்டுச் செத்துப்போன எவாரிஸ்தோவின் தங்கை நான்' என்று போய் நின்றால், அதன் பிறகு நான் அது மட்டும்தான். முதலில் என்னை வேலை தெரிந்தவளாகப் பார்க்கட்டும். அப்புறம் கேட்கிறேன்.

தோமாசின் காதில் என் பேரைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

உங்கள் நாத்தனார்,
செனைதா


கிப்தோ
பிப்ரவரி 27, 1976

நாத்தனாரே,

சுகமா இருக்கியா? நாங்க இருக்கோம். தோமாசுக்கு மூக்கு ஒழுகுது, வாய் மட்டும் நல்லா இருக்கு. நான் பேசுற மாதிரிதான் எழுதுவேன், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி எழுதச் சொல்லாத.

கோழிக் கதையைப் படிச்சிட்டு சிரிச்சேன். சிரிச்சிட்டு மீன் கழுவப் போயிட்டேன். அதுக்கு மேல அதைப் பத்தி எழுதமாட்டேன்.

உப்பில்லாத ரொட்டியை எவ தின்னுவா? ஆள் வரும்போது ஒரு பொட்டலம் காஞ்ச மீன் குடுத்து விடறேன். அந்த அம்மா வீடு முழுக்க நாறட்டும். அப்புறம் தெரியும் அவ சிரிப்பு எந்தச் சிரிப்புன்னு.

செனைதா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. உங்கண்ணன் போய் ரெண்டு வருஷம் தாண்டிடுச்சு, அவன் குரல் எனக்கு மறந்துக்கிட்டு வருது.

முகம் போட்டோவுல இருக்கு. நடை தோமாஸ்கிட்ட இருக்கு, அதே மாதிரி ஒரு தோளைச் சாய்ச்சு நடக்கிறான். குரல்தான் எதுலயும் இல்ல. முன்னாடியெல்லாம் கண்ணை மூடினா, மீன்பிடிச்சிட்டு வந்து வாசல்ல நின்னு "உபா, கதவு"ன்னு அவன் சொல்றது அப்படியே கேக்கும். இப்ப வார்த்தை வருது. யாரோ சொல்ற மாதிரி வருது. கனமான குரலா, மெல்லிசா? அதுகூட ஒரு நாள் ஒரு மாதிரி தோணுது. போன வாரம் மார்க்கெட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். வாங்க வந்தவ, "என்ன உபால்தினா, மீனுக்கு முன்னாடி நீ செத்துட்டியா?"ன்னு கேட்டா.

அவனை அடக்கம் பண்ணும்போது பெட்டியைத் திறக்கவிடல. முகத்தைப் பாக்காம அனுப்பினேன். குரலும் போயிட்டா நான் எந்தப் புருஷனுக்குத் துக்கக் கறுப்பு கட்டிட்டு இருக்கேன்?

உனக்குக் கூச்சம்னு தெரியுது. உன் கூச்சம் ஒரு மாசம் இருக்கட்டும். அதுக்கு மேல இருந்தா நானே பஸ் ஏறி வந்து அந்த மூணு மாடிக்கும் கேக்கிற மாதிரி கேப்பேன்.

கம்பளி போர்த்திக்க. அங்க குளிரும்னு அவனும் சொன்னான்.

உபால்தினா


மெதெயின்
மார்ச் 14, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

மீன் வந்து சேர்ந்தது. டோன்யா பெரனீஸ் ஜன்னலையெல்லாம் திறந்து வைத்தாள். பிறகு ஒரு துண்டு கேட்டாள், அப்புறம் இன்னொன்று கேட்டாள். நல்ல சிரிப்புதான். தோமாசின் சளி விட்டதா? எனக்குத் தொண்டைக்கட்டு வந்து போனது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிறேன். முதலில் பெரிய கோயில் வரை, பிறகு குவாயாக்கில் சந்தை வரை. அங்கே நம் ஊர்ப் பெண் ஒருத்தி போரோஹோ பழம் விற்கிறாள். நான் ஒன்றும் வாங்காமல் சும்மா போய் நின்றால் திட்டுவாள். அவளுடைய திட்டு நம் ஊர்த் திட்டு என்பதால் வேண்டுமென்றே போய் வாங்கிக்கட்டிக்கொள்வேன். எங்கே நின்று பார்த்தாலும் மலையில் வீடுகள். இந்த ஊரில் வழி தவறினால் பள்ளத்தை நோக்கி நடந்தால் போதும், ஆறு வந்துவிடும்.

ஒரு நல்ல செய்தி. இப்போது எனக்கென்று ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். பதிவு நாடா வெளிநாட்டிலிருந்து வருகிறது, எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பாதியில் நின்றுபோன பதிவுகளை இரண்டு வருஷம் வைத்திருந்துவிட்டு அழித்து, அதே நாடாவில் புதிதாகப் பதிகிறார்கள். அழிப்பதற்கு ஒரு காந்தப் பெட்டி இருக்கிறது. கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நாடாச் சுருளை அதன் மேல் வைத்து மெதுவாக வட்டம் போட வேண்டும். பெட்டி உறுமும். அப்படியே சுற்றிக்கொண்டே மெல்லத் தூக்கி எடுக்க வேண்டும், அவசரப்பட்டால் அடியில் இரைச்சல் தங்கிவிடும். நான் செய்ததை ஹிரால்தோ போட்டுக் கேட்டார். ஒன்றுமே இல்லை, தூரத்து மழை மாதிரி ஒரு மெல்லிய ஓசை மட்டும். "சுத்தமா இருக்கு. உனக்கு நல்ல கை" என்றார். அந்த மனுஷன் ஒரு ஆளைப் பாராட்டி யாரும் கேட்டதில்லையாம். அன்று மாலை மான்ரிக்கே மேடு முழுக்க ஓடியே ஏறினேன்.

அண்ணனின் பாட்டு விஷயம்: பழைய பதிவுகள் எங்கே இருக்கின்றன என்பது கிடங்கு பார்க்கும் டோன் அனிபாலுக்கு மட்டும்தான் தெரியும். பெட்டிகளுக்கு வெளியே வெறும் எண்தான் இருக்கும், பெயர் இருக்காது. அவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு லீவில் இருக்கிறார். வந்ததும் முதல் வேலை அதுதான், சத்தியம்.

தோமாசுக்கு முத்தம்.

செனைதா


கிப்தோ
ஏப்ரல் 20, 1976

நாத்தனாரே,

ஈஸ்டர் நல்லபடியா போச்சு. தோமாஸ் பவனியில நடந்து வந்த சேசுவைப் பாத்து, "ஏன் செருப்பு போடல?"ன்னு சத்தமா கேட்டான். பாதர் காதுல விழுந்திடுச்சு. உன் தொண்டை எப்படி இருக்கு? வெந்நீரும் தேனும் குடி.

அந்தக் கிழவன் குடல் இன்னும் ஏறலையா?

நான் ஏற்பாடெல்லாம் பண்ணிட்டேன். பாதர்கிட்ட கேசட் போடுற பொட்டி ஒண்ணு இருக்கு. அதுல பதிஞ்சு அனுப்பினா அவர் வீட்டு முற்றத்துல வெச்சுக் கேக்கலாம்னு சொல்லிட்டார். தெருவுல எல்லாருக்கும் சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதோன்னு இப்பத் தோணுது. கிளாரினெட் வாசிக்கிற புருதென்சியோ இருக்கான்ல, அவன் பாக்கிறப்பல்லாம், "வந்தாச்சா, வந்தாச்சா"ங்கிறான்.

எனக்கு முதல் அடி மட்டும்தான் தெரியும். சமையக்கட்டுல முணுமுணுப்பான்.

ஆத்து மேல பனி எறங்குது
அடி உபா, கதவைத் திற…

"மிச்சம் எங்க?"ன்னு கேட்டா, "மிச்சத்தை ரெக்கார்டுல கேளு, காசு குடுத்து வாங்கிக் கேளு"ன்னு சொல்லிட்டுப் போனான் அந்தக் கடைசித் தடவை. ஒரு பக்கம் பாடியாச்சு, இன்னொரு பக்கம் ஜனவரியில பாடணும், ரெண்டு பக்கமும் இருந்தாதான் தட்டு வெளிய வரும்னு தந்தி ஆபீசுலேர்ந்து சொல்லி அனுப்பினான். அதுதான் அவன் கடைசியா எனக்குச் சொன்னது. அதுவும் தந்திக்காரன் குரல்ல.

உன் நல்ல கைக்கு ஒரு முத்தம். அவன் இருந்தா ஊரெல்லாம் சொல்லியிருப்பான்.

உபால்தினா


மெதெயின்
ஜூன் 20, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? தோமாஸ் நலம்தானே? இத்தனை நாள் எழுதாததற்கு மன்னியுங்கள். இங்கே வேலை அதிகம். கொஞ்சம் காய்ச்சலும் இருந்தது.

டோன் அனிபால் வந்துவிட்டார். கேட்டேன். தேட வேண்டும் என்கிறார்கள். பழைய பெட்டிகள் நிறைய இருக்கின்றன. தேடிக்கொண்டிருக்கிறோம்.

தெருவில் யாருக்கும் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள்,
செனைதா


கிப்தோ
ஜூலை 8, 1976

செனைதா,

காய்ச்சல் விட்டுச்சா? சாப்பிடுறியா? உன் கடுதாசி ரெண்டு தடவை படிச்சேன். அதுல ஒரு ஊரும் இல்ல, ஒரு சாப்பாடும் இல்ல, ஒரு மனுஷனும் இல்ல. ஆபீசுலேர்ந்து வந்த தபால் மாதிரி இருந்துச்சு.

என்னன்னு கேக்கமாட்டேன். இங்க நடந்ததை மட்டும் சொல்றேன்.

பாட்டு வரப்போகுதுன்னு நான் சொன்னதை தோமாஸ் புடிச்சுக்கிட்டான். இப்ப எந்த வீட்டுல ரேடியோ பாடினாலும் வாசல்ல போய் நிக்கிறான். "இதா அப்பா?"ன்னு கேக்கிறான். இல்லடா கண்ணுன்னு சொன்னா அடுத்த வீட்டுக்குப் போறான். நேத்து நாவிதன் கடை ரேடியோவுல ஒரு பொலேரோ பாட்டு ஓடிட்டு இருந்துச்சு. கடைக்காரன் விளையாட்டுக்கு, "ஆமாடா, உங்கப்பன்தான்"னு சொல்லிட்டான். இவன் தரையில உக்காந்து பாட்டு முடியறவரைக்கும் அசையல. விளம்பரம் வந்ததும் அதையும் கேட்டுட்டு இருந்தான். நான் போய்த் தூக்கிட்டு வந்தேன். கடைக்காரனை நான் என்ன சொன்னேன்னு எழுதினா தபால்காரன் கடுதாசியைத் தொடமாட்டான்.

இல்லேன்னா இல்லேன்னு சொல்லிடு. நான் தாங்கிப்பேன்.

அப்படித்தான் எழுதணும்னு உக்காந்தேன். எழுதிட்டேன். ஆனா செனைதா, இல்லேன்னு மட்டும் சொல்லிடாத. ஒரு அடி போதும். இருமல் இருந்தாலும் போதும்.

உடம்பைப் பாத்துக்க.

உபால்தினா


மெதெயின்
ஆகஸ்ட் 16, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

தோமாசுக்கு மூன்று வயது முடிந்திருக்கும். நேரில் இருந்து கேக் வெட்ட முடியவில்லை. நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

இதோடு ஒரு கேசட் அனுப்புகிறேன். நம் ஊர் லாரி டிரைவர் கையில் கொடுத்திருக்கிறேன், தபாலில் போட பயமாக இருந்தது. அண்ணனின் பாட்டு. நாடா பழசு. கேசட்டுக்கு மாற்றும்போது குரல் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும், அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எனக்கு வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். போன வாரம் பூத் திருவிழா. மலையிலிருந்து பூக்கூடைகளை முதுகில் சுமந்துகொண்டு இறங்கி வந்தார்கள். நானும் போய் நின்றேன். கூட்டம் அதிகம்.

வேறு ஒன்றுமில்லை.

செனைதா


கிப்தோ
செப்டம்பர் 12, 1976

என் கண்ணே செனைதா,

நீ சுகமா இருக்கணும், நூறு வருஷம் இருக்கணும், உன் கைக்கு நோவு வரக்கூடாது.

முதல்ல நான் மட்டும் கேக்கணும்னு பாதர்கிட்ட சொன்னேன். அவர் பொட்டியை மேஜையில வெச்சு, எந்தப் பொத்தானை அமுக்கணும்னு காட்டிட்டு வெளிய போயிட்டார். பொத்தானை அமுக்க எனக்குக் கை வரல. மீன் வெட்டுற கை, அதுக்குப் பொத்தான் அமுக்க வரல! அப்புறம் மாதாவைக் கூப்பிட்டு அமுக்கினேன்.

பாட்டுக்கு முன்னாடி ஒரு சின்னச் சிரிப்பு இருக்குதே, கேட்டியா நீ? யாரோ ஏதோ சொல்ல, அவன் சிரிக்கிறான், அப்புறம் தொண்டையைச் செருமுறான். செனைதா, அந்தச் சிரிப்புலயே நான் தரையில உக்காந்துட்டேன். பாட்டு பாதி ஓடினப்புறம்தான் பாட்டு ஓடுதுன்னே தெரிஞ்சுது. திரும்பப் போடத் தெரியல. பாதரைக் கத்திக் கூப்பிட்டேன். அவர் நெருப்புப் புடிச்சிருச்சுன்னு நெனச்சு வாளியோட ஓடி வந்தார்.

ரெண்டாவது அடியை என்கிட்ட மறைச்சு வெச்சிருந்தானே, திருடன்! 'உன் கையில ஒட்டின மீன் செதில், விளக்கு வெளிச்சத்துல வெள்ளிக் காசு'ன்னு. மார்க்கெட்டுலேர்ந்து வந்து கையைக் கழுவாம அவனைத் தொட்டா தள்ளிவிடுவான், "போடி, நாத்தம்"னு. மனசுக்குள்ள இதை வெச்சிருந்திருக்கான். கல்யாணமாகி நாலு வருஷம் என்கூட இருந்தான், ஒரு நல்ல வார்த்தை நேரா சொன்னதில்ல. இப்ப சொல்லிட்டான்.

சாயங்காலம் தெருவே வந்துச்சு. புருதென்சியோ கிளாரினெட்டை எடுத்துட்டு வந்தவன், வாசிக்காம மடியிலேயே வெச்சிட்டு இருந்தான். தோமாஸ் பொட்டிகிட்ட போய் அதுல காதை வெச்சு, அப்புறம் வாயை வெச்சு முத்தம் குடுத்தான். "இதான் அப்பா"ன்னு அவனே சொன்னான். இந்தத் தடவை கேக்கல, சொன்னான்.

இப்ப எனக்கு ஞாபகம் வந்திடுச்சு செனைதா. கண்ணை மூடினா "உபா, கதவு"ன்னு அதே குரல்ல கேக்குது. எப்படி மறந்தேன்னு தெரியல. இவ்வளவு நாள் எங்கே போயிருந்துச்சோ.

நவம்பர்ல அவன் நினைவு நாள் பூசை. நீ கட்டாயம் வரணும். நீ வந்தாதான் கறுப்பை அவுப்பேன். உனக்குப் புடிச்ச சீஸ் போட்ட சூப் வெப்பேன்.

உன் கையைப் புடிச்சு முத்தம் குடுக்கிறேன்.

உபா


மெதெயின்
நவம்பர் 28, 1976

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்ம ஊர் டிரைவர் சொன்னார். பூசைக்கு என்னை எதிர்பார்த்து வாசலில் நின்றீர்கள் என்றும் சொன்னார். பஸ் நிலையம் வரை போனேன் அண்ணி. டிக்கெட் வாங்கிவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கேசட்டில் இருப்பது அண்ணன் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம் டோன் அனிபால் வேலைக்குத் திரும்பினார். அண்ணனின் பெயரைச் சொன்னதுமே, "சோக்கோப் பையன்தானே? நல்லாப் பாடுவானே" என்று உள்ளே போனார். ஒரு பெட்டியோடு வந்தார். மூடியின் உள்பக்கம் பென்சிலில் அண்ணனின் பெயர். பெட்டி காலி.

"நாடா எங்க?" என்றேன்.

"காலின்னா அழிச்சாச்சுன்னு அர்த்தம். ரெண்டாவது பக்கம் பாட அவன் வரல, பாதிப் பதிவுலதான் சேரும். மார்ச்சுல ஒரு அடுக்கு அழிச்சாங்களே, அதுல போயிருக்கும்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "அழிச்சது நீதானேம்மா?"

நான்தான். அண்ணன் ஒரு பக்கத்தை முழுதாகப் பாடியவன், அவனுடையது பாதிப் பதிவில் சேராது என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை. கூச்சப்படாமல் வந்த முதல் வாரமே ஹிரால்தோவிடம் அண்ணனின் பெயரைச் சொல்லியிருந்தால், அது தனியாக எடுத்து வைக்கப்பட்டிருக்கும். அந்த நாடாவைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கேட்டேன். அதில் ஒரு சோப்பு விளம்பரம் இருக்கிறது. விளம்பரம் முடிந்த பிறகு கடைசி வரை ஓடவிட்டேன். ஒன்றும் இல்லை. ஹிரால்தோ சொன்ன மாதிரி, சுத்தமாக இருக்கிறது.

இதை ஜூனிலேயே எழுத உட்கார்ந்தேன். 'தேடிக்கொண்டிருக்கிறோம்' என்று எழுதிவிட்டேன். அப்புறம் தோமாஸ் ரேடியோ வாசலில் நிற்பதை எழுதினீர்கள்.

இங்கே லிபார்தோ என்று ஒருவர் கோரஸ் பாடுகிறார். அண்ணனின் பதிவில் பின்னால் பாடியவர். மெட்டு அவருக்கு நினைவிருந்தது. முதல் அடி நீங்கள் எழுதியது. ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது பதிவு செய்தோம். "உங்கண்ணன் வார்த்தை முடியற இடத்துல கொஞ்சம் இழுப்பான், அப்படித்தானே?" என்று கேட்டுக் கேட்டுப் பாடினார். பாடுவதற்கு முன் நான் ஒலிவாங்கியைத் தட்டிவிட்டேன், அதற்குத்தான் அவர் சிரித்தார். நீங்கள் தரையில் உட்கார்ந்தது அந்தச் சிரிப்புக்கு.

இரண்டாவது அடி யாருக்கும் நினைவில்லை. மீன் செதில் நான் எழுதியது.

ஒரு பாட்டுத்தானே, சின்ன ஆறுதல்தானே என்று நினைத்து அனுப்பினேன். நீங்கள் 'இப்ப ஞாபகம் வந்திடுச்சு' என்று எழுதினீர்கள். அதைப் படித்த பிறகு என்னால் காந்தப் பெட்டியைத் தொட முடியவில்லை. ஒரு முறை நாடாவிலிருந்து அழித்தேன். இன்னொரு முறை உங்கள் காதிலிருந்து அழித்துவிட்டேன். உங்களுக்குள் மிச்சம் இருந்த அந்தக் கொஞ்சமாவது அவனுடைய குரலாக இருந்தது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. உண்மை தெரிந்தால் பழைய குரல் ஒருவேளை திரும்பி வருமோ என்றுதான் எழுதுகிறேன்.

செனைதா


கிப்தோ
பிப்ரவரி 3, 1977

செனைதா,

நீ சுகமா இருக்கணும். நாங்க இருக்கோம். மழை விடல, ஆறு பின்கட்டு வரைக்கும் வந்துட்டுப் போச்சு.

உன் கடுதாசி டிசம்பர் ஆரம்பத்துலயே வந்துச்சு. முதல்ல அதை அடுப்புல போட்டேன். பாதி எரிஞ்சப்புறம் கையால எடுத்தேன். விரல்ல கொப்புளம் வந்து ஆறிடுச்சு.

நீ நாடாவை அழிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல. தெரியாம செஞ்ச. அந்தக் காலிப் பெட்டியைப் பாத்து நீ எப்படி நின்னுருப்பேன்னு நெனச்சு அழுதேன், உனக்காகத்தான் அழுதேன். வேற ஆளைப் பாடவெச்சு அனுப்பினதுக்கும் கோபம் இல்ல. இல்லேன்னு மட்டும் சொல்லிடாதன்னு எழுதினவ நான்தான். நீ சொல்லல.

அப்புறம் ஏன் சொன்ன? அதுக்குத்தான் கோபம். அந்தப் பாரத்தை உன்னால தூக்க முடியல, இறக்கி வெக்க ஒரு இடம் வேணும்னு என் தலையில வெச்சிட்ட. செப்டம்பர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் எனக்குப் புருஷன் இருந்தான். பூசை அன்னிக்குக் கறுப்பைக்கூட அவுத்துட்டேன், நீ வராமலேயே. மஞ்சள் சட்டை போட்டேன். பாட்டைக் கேட்டப்புறம் அவன் எங்கேயோ நல்லபடியா இருக்கான்னு மனசுக்குப் பட்டுது. இப்பத் திரும்பக் கறுப்பு கட்டினா தெரு என்னன்னு கேக்கும். மஞ்சள் சட்டையோடயே இருக்கேன்.

பழைய குரல் திரும்பி வருமான்னு எழுதியிருந்த. பாத்தேன். தோமாஸைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டு, படகுத்துறையில போய் உக்காந்து கண்ணை மூடிப் பாத்தேன். "உபா, கதவு"ன்னு வந்துச்சு. அந்த லிபார்தோ குரல்ல வந்துச்சு. போ, நீ இல்லன்னு சொன்னேன். திரும்ப அவனேதான் வந்தான். புருதென்சியோகிட்ட போய், "எவாரிஸ்தோ எப்படிப் பேசுவான், பேசிக் காட்டு"ன்னேன். அவன் சின்ன வயசுலேர்ந்து கூடத் திரிஞ்சவன். வாயைத் திறந்தான், மூடினான். "கேசட்டுல இருக்கிற மாதிரிதான்"னு சொன்னான். அப்பப் புரிஞ்சுது. எனக்கு மட்டும் இல்ல, இந்தத் தெரு முழுக்கப் போயிடுச்சு.

சவப்பெட்டியில வந்தப்பகூட அவன் இப்படிச் சாகல.

தோமாஸ் ரெண்டாவது அடியைத்தான் எப்பவும் பாடுறான், நீ எழுதின அடியை. வார்த்தை முடியற இடத்துல இழுக்கிறான். அவனுக்கு இது தெரியக்கூடாது. அவன் பெரியவனாகி, கல்யாணம் பண்ணி, கிழவனானாலும் நீ சொல்லக்கூடாது. இதை மட்டும் நீ தூக்கித்தான் ஆகணும். எனக்கு இதைச் சொன்ன மாதிரி அவனுக்கும் சொன்னேன்னா, அன்னிக்கு நீ என் நாத்தனார் இல்ல.

கேசட்டை நான் தூக்கிப் போடல. சாயங்காலம் மீன் கூடையை இறக்கி வெச்சதும் பாதர் வீட்டுக்குப் போறேன், பிள்ளையைக் கூட்டிட்டு. அவன் கேக்கணும்னு போறேன்னு சொல்லிக்கிறேன். பாட்டு தொடங்கினதும் நானும் கேக்கத்தான் செய்யறேன்.

ஈஸ்டருக்கு வராத. வரவே வராதன்னு சொல்லல. இப்ப வராத. நீ பேசினா அவன் தங்கச்சி பேசுறது மாதிரி இருக்கும், அதை இப்ப என்னால கேக்க முடியாது.

உப்பு பாத்துச் சாப்பிடு. தொண்டையைக் கட்டவிடாத.

அந்த லிபார்தோவுக்கு அம்மா இருக்காளா, பொண்டாட்டி இருக்காளா? நல்லா இருக்கானா? நான் விசாரிச்சேன்னு சொல்லு. குளிர்ல வெளிய திரியவேணாம், சாராயம் குறைச்சுக்கச் சொல்லு. தொண்டை பத்திரம்னு சொல்லு. இனிமே நான் சாகிற வரைக்கும் என் புருஷன் என்னைக் கூப்பிடணும்னா அந்த ஒரு தொண்டைதான் இருக்கு.

உபால்தினா